அருகிருப்பாரும் மருந்தே
(பரங்கிப்பேட்டையில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



சூலைநோயால் துடித்த மருணீக்கியார், இரவில் திருவதிகையை அடைந்து தமக்கையார் திலகவதியாரின் திருவடியில் வீழ்ந்தார். சமயம் மாறிச் சென்றமைக்காக அம்மையார் அவரைக் கடிந்தாரில்லை. எழுப்பித் திருநீறு அளித்து, வீரட்டானத் திருக்கோயிலுக்கு உடன் அழைத்துச் சென்றார். வள்ளுவரும் 'மருந்து' அதிகாரத்தில், நோயாளி, மருத்துவர், மருந்து என்னும் மூன்றோடு அருகிருந்து பணிபுரிவாரையும் மருத்துவத்தின் ஓர் உறுப்பாகவே வைத்தார்.

புற்றுநோயால் மார்பகத்தையோ கருப்பையையோ அகற்றவேண்டும் எனக் கேட்கும் பெண்ணின் உள்ளம் என்ன பாடுபடும்! கத்தியைக் காட்டிலும் அவளை வருத்துவன வேறு. பிள்ளைகளை யார் பேணுவார்? கணவர் முகம் மாறுமோ? ஊரார் என்ன சொல்வரோ? இவற்றை யாரிடமும் உரைக்காமல் அடுக்களையில் தனியே கண்ணீர் சொரிகிறாள். "முன்வினைப் பயன்" என்பார் சிலர். "அழாதே, தைரியமாக இரு" என்பார் சிலர். இரண்டும் அவள் வாயை அடைத்துவிடுகின்றன. அவள் அழட்டும், நீங்கள் செவிகொடுத்துக் கேளுங்கள்.

தம் தங்கை புற்றுநோயால் மாய்ந்ததைக் கண்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அத்துயரை அறமாக மாற்றினார். 1954ஆம் ஆண்டு அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு தொடங்கிற்று. 1955இல் அங்குச் சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021இல் மறையும்வரை நோயாளிகளுக்கே வாழ்ந்தார்.

இல்லத்தார் செய்யவேண்டுவன சிலவே. இந்நோய் தொட்டால் ஒட்டாது. ஆதலின் அவளுக்குத் தனித்தட்டு வேண்டா, உடன் அமர்ந்து உண்ணுங்கள். அவள் ஐயங்களைத் தாளில் எழுதிக்கொண்டு, மருத்துவரிடம் உடன் சென்று கேளுங்கள். "உறுப்பு போயினும் நீ நீயே" எனக் கணவர் சொல்லும் ஒரு சொல் பேராறுதல் தரும். உறக்கம் நீங்கி, வாழ்வே வெறுத்ததென அவள் கூறின், அதையும் மருத்துவரிடம் மறையாது உரைக்கவேண்டும். 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி மனநல ஆலோசனை பெறலாம்.

ஒன்றை மறவாதீர்கள். வேண்டுதலின் பெயரால் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுதல் ஆகாது. இறையருள் மருத்துவர் கைவழியாகவும் வரும். இவ்வூர் ஆதிமூலேசுவரர் திருமுன் விளக்கேற்றி வழிபடுங்கள்; குறித்த நாளில் அவள் கைபற்றி மருத்துவமனைக்கு உடன் செல்லுங்கள். திலகவதியார் காட்டிய நெறி அதுவே.

நோய் நீங்குக! நலம் ஓங்குக!