மாசி மாதத்துச் சருகுகள்

 

'இளமை நினைவுகள்' என்னும் பொதுத்தலைப்பில் எதைப் பற்றியும் பேசலாம் என்று செயலாளர் உரிமை தந்தார். நான் சருகைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காய்ந்த இலையைப் பற்றிப் பேச ஒரு மேடையா என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். கேட்கட்டும்.

கல்லூரியில் முதலாண்டு மாணவியர்க்குப் பெரும்பொழுதுகளை விளக்கும்போது, "நம் ஊரில் மரங்கள் இலையுதிர்ப்பது எப்போது?" என்று வினவுவது என் வழக்கம். பெரும்பாலோர் தயக்கமின்றி, "அக்டோபர், நவம்பர்" என்கின்றனர். 'இலையுதிர் காலம்' என்ற சொல்லும், அதனோடு பாடநூலில் அச்சிட்ட செம்மஞ்சள் மரத்தின் படமும் அவர்கள் நெஞ்சில் அப்படிப் பதிந்துவிட்டன. அக்டோபரும் நவம்பரும் நமக்கு ஐப்பசியும் கார்த்திகையும் அல்லவா? சென்னையில் ஓராண்டில் பெய்யும் மழை ஏறத்தாழ 140 சென்டிமீட்டர். அதிற் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. அம்பத்தூர் ஏரியும் கொரட்டூர் ஏரியும் ததும்பித் தவளை ஒலி வீட்டுக்குள் கேட்கும் அந்நாளில் எந்த வேம்பு இலையுதிர்த்தது? மழைநீர் குடித்துத் தழைத்தல்லவா நிற்கும்!

கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என நம் முன்னோர் ஆண்டை ஆறாகப் பகுத்தனர். இலையுதிர்வின் பெயரால் ஒரு பொழுதும் இல்லை. 'இலையுதிர் காலம்' குளிர்நாட்டுப் பருவமொன்றின் பெயரைத் தமிழாக்கிக் கொண்ட சொல். அழகிய சொல்தான், அதன்மேல் எனக்குப் பகையில்லை. அந்நாடுகளில் பகல் குறுகிக் குளிர் மிகும்போது மரம் இலையை விடுகிறது. பின்னர் மாதக் கணக்கில் வெறுங்கிளையாய் உறங்குகிறது. இங்கோ மழை ஓய்ந்து மண் உலரத் தொடங்கும் மாசி, பங்குனியில், நீரைச் சிக்கனப்படுத்தவே மரம் இலையைக் களைகிறது. களைந்த சில நாட்களிலேயே துளிர்க்கவும் செய்கிறது. பழுப்பு விழும் கிளையிலேயே கொழுந்து நிற்பதைக் காணலாம். வேம்பின் கொழுந்து செம்பு நிறம் உடையது. நாட்டு வாதுமை ஒன்றை விலக்கிவிட்டுப் பார்த்தால், நம் ஊர் மரங்கள் நிறம் காட்டுவது பெரும்பாலும் துளிர்க்கும்போதுதான். குளிர்நாட்டார் உதிர்வில் கண்ட செம்மையை நாம் துளிரில் காண்கிறோம்.

பாலைத்திணைக்கு வேனிலோடு பின்பனியும் உரித்தெனத் தொல்காப்பியர் வகுத்தார். மரம் இலையைப் பிரியும் பொழுதைத் தலைவியின் பிரிவுக்குத் தந்தார் போலும் என்று எண்ணத் தோன்றுகிறது. இஃது என் கருத்தே. உரையாசிரியர் எவர் தலையிலும் இதைச் சுமத்த விரும்பவில்லை. குறுந்தொகையின் ஏழாம் பாட்டில், காற்றில் வாகை நெற்றுகள் ஒலிப்பது கயிற்றின்மேல் ஆடும் கூத்தரின் பறையொலிக்கு ஒப்பாகிறது. உலர்ந்த மரத்தைப் புலவர் அங்கே காதால் அறிந்திருக்கிறார்.

நம் வட்டாரத்திற்கு மரஞ்செடிகளோடு உள்ள உறவு ஊர்ப்பெயர்களிலேயே தெரியும். மாங்காடு, திருவேற்காடு, திருமுல்லைவாயில், பூவிருந்தவல்லி! வேற்காட்டில் இருப்பது வேலமரம், முல்லைவாயிலில் முல்லைக்கொடி. அங்குள்ள மாசிலாமணியீசர் கோயிலில் எருக்கந்தூண்கள் இரண்டு உண்டு. பூவிருந்தவல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பிகள் அங்கிருந்து காஞ்சி வரதருக்குப் பூக்கொண்டு சென்றார் என்பது வைணவ மரபு. இன்று இப்பெயர்கள் பேருந்துப் பலகைகளில் மட்டுமே மணக்கின்றன.

எங்கள் வீடு அம்பத்தூரில், திருமுல்லைவாயிலை நோக்கிச் செல்லும் பக்கத்தில் இருந்தது. நான் சொல்வது 1980களின் இறுதியை. தொழிற்பேட்டையின் சங்கொலி கேட்கும் தொலைவுதான் என்றாலும், வீட்டுக்கு முன்னே வாசலும் பின்னே புழக்கடையும் இருந்தன. புழக்கடையில் வேம்பு ஒன்று, வாதுமை ஒன்று, வேலியோரம் பூவரசு, கிணற்றருகே முருங்கை. மாசி பிறந்தால் எங்கள் ஆயாவின் ஆட்சி தொடங்கும். வாசலை விடியலிலேயே பெருக்கிச் சாணம் தெளித்துவிடுவார். புழக்கடையை மட்டும் வெயில் ஏறிப் பனியீரம் உலர்ந்த பிறகே பெருக வேண்டும். ஈரச் சருகு அடுப்புக்கும் ஆகாது, சேமிக்கவும் ஆகாது.

பெருக்கியதெல்லாம் ஒரே குவியலாகாது. வாதுமை இலை தனியே. அது வெந்நீர் அடுப்புக்கு. வேப்பிலையில் ஒரு பங்கு அந்திக் கொசுவுக்கு மூட்டம் போட. மறுபங்கு நிழலில் உலர்ந்து பயறு, துவரைப் பானைகளுக்குள் போகும். பூவரசும் முருங்கையும் எருக்குழிக்கு. ஒருநாள் சோம்பல்பட்டு எல்லாவற்றையும் சேர்த்துக் கொளுத்த நெருப்புப்பெட்டியை எடுத்தேன். "கொளுத்திட்டா நாளைக்கு எதுல தண்ணி காய வைப்பே? உங்க தாத்தா எலும்பையா?" என்றார் ஆயா. தாத்தா திண்ணையில்தான் அமர்ந்திருந்தார், சிரித்துக்கொண்டார்.

திறந்த வெளியில் குப்பை எரிப்பதைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் தடைசெய்து, எரிப்பவர்க்கு 5,000 ரூபாய் தண்டமும் விதித்தது. ஆயா விதித்த தண்டம் ஒருவேளை பலகாரம் இல்லை என்பது. பின்னதற்கு நாங்கள் அஞ்சினோம்.

சிறுவர்க்குரிய வேலை வாதுமை இலை குத்துவது. நீண்ட ஈர்க்கின் அடியில் கயிறு கட்டி, கிடக்கும் இலைகளை ஒவ்வொன்றாய்க் குத்திக் கயிற்றில் தள்ளினால் குனியாமலே மாலை நீளும். மாலை நீண்டதும் அது இரயில் வண்டியாகிவிடும். "அம்பத்தூர்! திருமுல்லைவாயில்! அன்னனூர்! ஆவடி!" என்று கூவிக்கொண்டு சரசரவென இழுத்துச் செல்வோம். ஆவடி என்பது வெந்நீர் அடுப்பு. அங்கே வண்டி கொளுத்தப்படும். பங்குனிக் கடைசியில் வேம்பின்கீழ்த் தாத்தாவின் பழைய வேட்டியை விரித்து, உதிரும் பூவைச் சேர்ப்போம். ஒரு பங்கு சித்திரை முதல்நாள் பச்சடிக்கு. எஞ்சியது காய்ந்து ஆண்டு முழுதும் இரசத்திற்கு. ஆனி, ஆடியில் வேப்பங்கொட்டை. அந்தக் காசு எங்கள் காசு.

ஆயாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆயினும் கிளையில் மஞ்சளித்தது பழுப்பு, விழுந்து காய்ந்தது சருகு, குச்சியும் தூசியும் கலந்தது செத்தை, மாட்டின்முன் சிதறிக் கிடப்பது கூளம் என்று ஒன்றன் பெயரை மற்றொன்றுக்கு வழங்கமாட்டார். காய்ந்த இலை சருகு, காய்ந்த தாளும் தோகையும் சண்டு என்று மொழிஞாயிறு பாவாணர் பிரித்துக் காட்டியதைப் பின்னாளில் நூலகத்தில் படித்தபோது, புழக்கடைப் பேச்சு ஆராய்ச்சி நூலில் அமர்ந்திருக்கக் கண்டு வியந்தேன். 'குப்பை' என்னும் சொல்லும் அக்காலத்தில் இழிவன்று. வயலுக்குக் குப்பை அடித்தல் என்றால் எரு இடுதல் என்பதே உழவர் வழக்கு.

அவ்வீடு இன்றில்லை, அடுக்கு வீடுகள் எழுந்துவிட்டன. 2016 டிசம்பர் 12 அன்று வீசிய வர்தா புயல் சென்னை மரங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்தது. எஞ்சியவற்றை நாம் சாய்த்து வருகிறோம். புயலுக்குக் காரணம் கேட்க முடியாது; நாம் சொல்லும் காரணமோ, "இலை கொட்டுகிறது" என்பது. நான் இப்போது குடியிருக்கும் அடுக்ககத்தில் ஒரு வேம்பு உண்டு. கீழே சிமெண்டுத் தரை. கடந்த மாசியில் குடியிருப்போர் கூட்டத்தில், மகிழுந்துகளின்மேல் குப்பை விழுவதால் மரத்தை அகற்றலாம் என்று ஒருவர் முன்மொழிந்தார். பட்டுப்போன மரம் போலிருக்கிறதே என்று இன்னொருவர் வழிமொழிந்தார். அவர் உண்மையாகவே அவ்வாறு நம்பினார். மாசியில் வேம்பு எப்படியிருக்கும் என்று அவருக்கு எவரும் சொல்லித் தந்ததில்லை. "பங்குனி பதினைந்து வரை பொறுங்கள்" என்று கேட்டுக்கொண்டேன். பொறுத்தார்கள். மரம் செந்தளிர் விட்டுப் பூவும் பூத்தது. ஆயினும் தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டதே ஒழியக் கைவிடப்படவில்லை. வரும் மாசியில் மீண்டும் வரும். அதற்குள் அடித்தரையில் நான்கடி சதுரம் சிமெண்டைப் பெயர்த்து எருக்குழி ஒன்று அமைக்க இருவர் இசைந்துள்ளனர். மூன்றாமவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இவ்வட்டத்தாரிடம் ஒரு விண்ணப்பம். அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளில் இலை, சருகு, துடைப்பம், எரு, அடுப்பு தொடர்பாக முதியோர் வழங்கும் சொற்களைத் தொகுக்கத் தொடங்கியுள்ளேன். நாற்பத்தொரு சொற்கள் சேர்ந்துள்ளன. அவற்றுட் சில அகரமுதலிகளில் எனக்குக் கிட்டவில்லை. அடுத்த திங்கள் கூட்டத்திற்கு வருவோர், தம் வீட்டு முதியோரைக் கேட்டு ஆளுக்கு இரண்டு சொற்களேனும் எழுதிவர வேண்டுகிறேன். சொல்லியவர் வளர்ந்த ஊரையும் மறவாமல் குறித்து வாருங்கள்.