பலகையில் இல்லாத மாண்டுபியர்

தலைமை உரை என்றால் எல்லாவற்றையும் தொட்டுச் செல்வது வழக்கம். நான் ஒரே ஒரு முற்றுகையோடு நிறுத்திக்கொள்கிறேன். கி.மு. 52இல் ஜூலியஸ் சீசர் கௌல் நாட்டின் அலேசியாவை வளைத்தார். ராபர்ட் பிராட்லி வடிவமைத்து அவலான் ஹில் நிறுவனம் 1976இல் வெளியிட்ட ‘சீசர்’ பலகை ஆட்டம் இதைப் பற்றியது. அரணை அது அருமையாகக் காட்டுகிறது, பசியைக் காட்டவில்லை. பசி இல்லாத முற்றுகை பாதி முற்றுகைதான் என்பது என் வாதம்.

ஆட்டத்தின் பெருமையை முதலில் சொல்லிவிட வேண்டும். நடுக்குன்றில் கௌலர் தலைவர் வெர்சிங்கெடோரிக்ஸ், சுற்றிலும் இரட்டை வளையமாக ரோமர் அரண், வெளியே கௌலரின் மீட்புப் படை. உள்வளையம் 11 மைல், வெளிவளையம் 14 மைல் என்று சீசர் எழுதுகிறார். வாசிக்கும்போது அவை வெறும் எண்கள். ரோமர் பக்கம் அமர்ந்து ஆடுபவருக்கோ கையிலுள்ள காய்கள் அந்த நீளத்துக்குக் காணாது என்பது உடனே உறைக்கும். ஒரு பக்கத்தைப் பலப்படுத்தினால் மறுபக்கம் இளைக்கும். வெர்சிங்கெடோரிக்ஸ் பலகையை விட்டுத் தப்பினால் ஆட்டம் போயிற்று. வளைத்தவரே வளைக்கப்பட்டிருந்தார் என்பதை இவ்வளவு நன்றாக உணர்த்தும் கட்டுரையை நான் படித்ததில்லை.

ஆனால் இது இறுதி மோதலின் கதை. அதற்கு முன் நடந்ததைச் சீசரே பதிவு செய்திருக்கிறார். ஊருக்குள் இருந்தது ஏறத்தாழ 30 நாள் தானியம். அது தீர்ந்தபோது தலைவர்கள் கூடினார்கள். போருக்கு உதவாதவர்களின் உடலைத் தின்றாவது தாக்குப்பிடிப்போம் என்றார் அவர்களுள் ஒருவரான கிரிட்டோக்னாட்டஸ். அந்த யோசனையைக் கடைசிக்கு ஒத்திவைத்து, சண்டையிட இயலாதோரை வெளியேற்றினார்கள். படைக்கு இடம் கொடுத்த ஊர்க்காரர்களான மாண்டுபியரே பெண்டு பிள்ளைகளோடு துரத்தப்பட்டார்கள். அடிமைகளாகவாவது ஏற்றுக்கொண்டு உணவு தாருங்கள் என்று அவர்கள் ரோமர் அரணடியில் அழுது மன்றாடினார்கள். சீசர் காவல் போட்டுத் தடுத்தார். அவர்கள் கதியை அவர் எழுதவில்லை. இரு தரப்புக்கும் நடுவே கிடந்து மாண்டார்கள் என்று பிற்காலத்தில் வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதினார்.

பட்டினி கிடப்பதில் ஆடுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். முடிவெடுக்கும் இடமெல்லாம் ஆட்டத்துக்கு உரிய இடம்தான். வெளியேற்றியது ஒரு தரப்பின் முடிவு, ஏற்க மறுத்தது மறு தரப்பின் முடிவு. தம் படைக்கும் 30 நாள் உணவு சேர்க்க ஆணையிட்டிருந்த சீசருக்கு அதன் கணக்கு நன்றாகவே தெரியும். குழந்தையின் பசியைக் காயாக்கி உருட்டுவது அருவருப்பு என்பது இதைவிடக் கனமான மறுப்பு. அதை நான் மதிக்கிறேன். என்றாலும், விட்டுவிடுவது நடுநிலை ஆகாது. வென்றவர் நூலிலிருந்து மைல் கணக்கை எடுத்துக்கொண்டு, அவரே மறைக்காத மாண்டுபியரை மட்டும் விலக்கினால், ஆட்டம் சீசரைவிடச் சீசர் பக்கம் சாய்கிறது. அந்த மைல் கணக்குக்கு அடியில் உள்ள மண்ணும் வேறு கதை சொல்கிறது: 1990களில் பிரெஞ்சு, ஜெர்மன் ஆய்வாளர்கள் நடத்திய அகழாய்வில், அரண் அவர் வர்ணித்தபடி எங்கும் ஒரே அமைப்பில் இல்லை என்று தெரிந்தது.

ஆகவே கட்டுரை வாசிக்கவிருக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் ஆராயும் ஆட்டத்தின் விதிநூலில் தானியம் எங்கே வருகிறது, யாருடைய சாவு வெற்றிக் கணக்கில் சேர்வதில்லை என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள். முதல் அமர்வைத் தொடங்கலாம்.