பலகாரத் தொழிலும் மூட்டைச் சர்க்கரையும்

பிழைப்பை நாடி வெளியூர் சென்ற நம்மவர்களுள் பலர், கையறிந்த சமையல் தொழிலையே முதலாகக் கொண்டு கடை விரித்தவர்கள். மும்பையில் மாட்டுங்கா, தாராவி, செம்பூர் ஆகிய இடங்களிலும், தில்லியில் கரோல்பாகிலும், கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் வட்டாரத்திலும் நம்மவர் செய்யும் மைசூர்பாகுக்கும் லட்டுக்கும் ஜாங்கிரிக்கும் தனி மதிப்பு உண்டு. வீட்டின் ஓர் அறையில் அடுப்பு மூட்டி, குடும்பத்தோடு உழைத்துக் கடைகளுக்குப் பலகாரம் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். இத்தகையோர் நெய்யை முகர்ந்து வாங்குவார்கள். கடலை மாவைத் தொட்டுப் பார்த்து வாங்குவார்கள். ஆனால் சர்க்கரை என்று வந்துவிட்டால், மூட்டை என்ன விலை என்னும் ஒரே கேள்வியோடு பேரம் முடிந்துவிடுவதைப் பல இடங்களிலும் காண்கிறோம்.

மூட்டையின் விலை வேறு. வாணலியில் விழும் சர்க்கரையின் விலை வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடுதான் சிறு தொழில் செய்பவரின் அன்றாடக் கூலி. அது கையில் நிற்பதும் கரைந்து போவதும் வாங்கும் முறையைப் பொறுத்தது. அம்முறையைப் பற்றியே இன்று சிறிது சிந்திப்போம்.

முதற்கண் பெயரைத் தெளிவு செய்துகொள்வது நலம். திருநெல்வேலிப் பக்கத்தில் வெள்ளைச் சர்க்கரைக்குச் சீனி என்று பெயர். சென்னையில் சர்க்கரை என்றாலே அதுதான். வடநாட்டுச் சந்தையில் சீனி என்று கேட்டால் வெள்ளைச் சர்க்கரை கிடைக்கும். பெயர் ஒத்திருக்கிறதே என்று எண்ணி, ஷக்கர் வேண்டும் என்று பஞ்சாபில் கேட்டாலோ, பொடித்த வெல்லத்தைக் காட்டுவார்கள். பூரா என்பது பாகைக் கிளறிப் பொடியாக்கிய மாவுச் சர்க்கரை. கண்டசாரி என்பது திறந்த கொப்பரையில் காய்ச்சும் பழைய முறையில் வந்தது. மராத்தியில் சாகர் என்றும், கன்னடத்தில் சக்கரெ என்றும், தெலுங்கில் பஞ்சதார என்றும் கேட்டுப் பெறலாம்.

ஆலைச் சர்க்கரைக்கு இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒன்று மணியின் பருமன், மற்றொன்று நிறம். பெரிய மணிக்கு எல், நடுத்தர மணிக்கு எம், சிறிய மணிக்கு எஸ் என்னும் எழுத்துகள் வழங்குகின்றன. நிறத்திற்கு 30, 31 என்னும் எண்கள். 31 என்பது 30-ஐவிட வெண்மை மிக்கது. ஆகவே எம்-30 என்றால் நடுத்தர மணி, 30-ஆம் நிறம் என்று பொருள். கான்பூரில் 1936-ஆம் ஆண்டு தோன்றி, இன்று தேசியச் சர்க்கரை நிறுவனம் என்னும் பெயரோடு விளங்கும் ஆராய்ச்சி நிலையம், இத்தரங்களுக்குரிய மாதிரிகளை ஆலைகளுக்கு அளிக்கிறது. மும்பைக்கு அடுத்த வாஷிச் சந்தையில் எஸ்-30, எம்-30 ஆகிய இரண்டின் விலையும், வடக்கே முசாபர்நகரில் எம்-30-இன் விலையும் நாள்தோறும் பேசப்படுகின்றன.

எந்தத் தொழிலுக்கு எது ஏற்றது? பாகு காய்ச்சுகிறவருக்கு மணியின் பருமனால் பயனில்லை. எப்படியும் அது தண்ணீரில் கரையப்போகிறது. அவருக்கு வேண்டியது தெளிவு. ஜாங்கிரிக்குப் பாகு வைப்பவர், பார்வைக்கு அழகாயிருக்கும் பெருமணிக்காகக் கூடுதல் விலை கொடுப்பது வீண் செலவு. பிஸ்கோத்தும் கேக்கும் செய்வோருக்குச் சிறு மணி நன்று. அது வெண்ணெயோடு விரைந்து கலக்கும். பண்டத்தின்மேல் தூவுகிறவருக்குப் பெருமணி வேண்டும். அது எளிதில் உருகாமல் நிற்கும். தேங்காய்ப் பர்பி, பால் இனிப்பு போன்ற வெண்ணிறப் பலகாரங்களுக்கு நிறம் இன்றியமையாதது. நெய்யும் கடலை மாவும் சேர்ந்து பொன்னிறம் கொள்ளும் மைசூர்பாகுக்கோ 30-ஆம் நிறமே போதும்.

நம் நாட்டு ஆலைகளுள் பெரும்பாலானவை கரும்புச் சாற்றைச் சுண்ணாம்பும் கந்தகப் புகையும் கொண்டு தெளிவிக்கின்றன. கந்தகம் சேராமல் மேலும் சுத்தி செய்த சர்க்கரையும் கிடைக்கும். அதன் விலை அதிகம். சர்பத்தும் பழரசமும் புட்டியில் அடைத்து விற்பவருக்கு அது தகும். ஏனெனில் கண்ணுக்குப் புலப்படாத கலங்கல்கூட நாளடைவில் புட்டியின் அடியில் படிந்து தோன்றும். அன்றன்று செய்து விற்கும் பலகாரக் கடைக்கு அத்துணைச் செலவு தேவையில்லை.

தரத்தின் பெயர் ஒன்றாயிருப்பினும், ஆலைக்கு ஆலை சரக்கு வேறுபடும். ஆகவே மாதிரி பாராமல் மூட்டை வாங்கலாகாது. ஒரு கைப்பிடிச் சர்க்கரையை வெள்ளைத் தாளில் பரப்பினால் கறுப்புத் துகளும் நாரும் தெரியும். உள்ளங்கையில் இறுகப் பிடித்துத் திறந்தால் அது உதிர வேண்டும். கட்டியாய் நின்றால் ஈரம் ஏறியிருக்கிறது. 100 கிராம் சர்க்கரையை அதே எடையுள்ள வெந்நீரில் கரைத்து, கண்ணாடிக் குவளையில் ஊற்றி, வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பார்த்தால் தெளிவும் கலங்கலும் புலனாகும். முகர்ந்தால் புளித்த வாடை வீசலாகாது.

இவற்றுக்கெல்லாம் மேலான சோதனை நம் பெரியோர் அடுப்படியில் கண்டதே. சிறிதளவு பாகு காய்ச்சி, ஒரு கரண்டி பால் விட்டால் அழுக்கு நுரையோடு திரண்டு மேலே வரும். எடுத்தெறியும் நுரையின் அளவே சர்க்கரையின் தரத்தைச் சொல்லிவிடும். பின்னர்க் கம்பிப் பதம் வரும்வரை காய்ச்சி, பாகின் நிறத்தைக் காண வேண்டும். ஈரமும் பழமையும் ஏறிய சர்க்கரையில் ஒரு பகுதி வேறு வகை இனிப்பாகச் சிதைந்திருக்கும். அத்தகைய பாகு விரைவில் சிவக்கும். பர்பி உறையத் தாமதிக்கும். செய்து வைத்த பண்டம் காற்றுப் பட்டுக் கசியும். அப்போது பதம் தப்பிவிட்டது என்று சமையற்காரர்மேல் குற்றம் சாட்டுவோர் உண்டு. குற்றம் மூட்டையில் இருக்கலாம்.

இனி எடையையும் விலையையும் பார்ப்போம். சர்க்கரை மூட்டை இப்போது பெரும்பாலும் 50 கிலோ. கணக்கின் பொருட்டுக் கிலோ 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூட்டை 2,000 ரூபாய். இன்னொருவர் 1,970 ரூபாய்க்குத் தருகிறார். 30 ரூபாய் மிச்சம் என்று மகிழ்ந்து வாங்கி வந்து நிறுத்தால், 800 கிராம் குறைகிறது. அதன் விலை 32 ரூபாய். மலிவு என்று வாங்கியதில் 2 ரூபாய் நஷ்டம். மேலும் அரைக் கிலோ நுரையாகவும் அழுக்காகவும் கழிந்தால் இன்னும் 20 ரூபாய் போயிற்று. இவற்றை விடுவோம், ஒரு வாணலிப் பர்பி உறையாமற்போனால், அதில் சேர்ந்த தேங்காயும் நெய்யும் எரிவாயுவும் ஆள் கூலியும் சேர்ந்தே போகின்றன. மூட்டைக்கு மிச்சம் பிடித்த 30 ரூபாய் அதற்கு முன்னே எம்மாத்திரம்?

எனவே மூட்டையை நம் கண்ணெதிரே நிறுத்தே வாங்க வேண்டும். சாக்கின் எடை நீங்கலாக 50 கிலோவா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சாக்கின்மேல் ஆலையின் பெயர், தரம், அரைவை ஆண்டு, நிகர எடை ஆகியவற்றைப் படிக்க வேண்டும். வாயில் ஒரே தையல் இருக்கிறதா, பிரித்துத் தைத்த பழைய துளைகள் இருக்கின்றனவா என்பதையும் நோக்க வேண்டும்.

சொல்லப்படும் விலை எந்த இடத்து விலை என்பதும் அறியத்தக்கது. மும்பை வட்டாரத்தில் ஆலை விலை என்றால் ஆலை வாசலில் கொள்ளும் விலை. லாரி வாடகை நம்முடையது. நாகா விலை என்றால் நகர எல்லைவரை கொண்டுவந்து தரும் விலை. வாஷி விலை என்றால் அங்குள்ள சந்தையில் கொள்ளும் விலை. இவற்றின்மேல் ஏற்றிறக்குக் கூலியாகிய ஹமாலி, தரகு, நம் இடத்திற்கு வரும் வண்டிக்கூலி ஆகியவை சேரும். 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபோது சர்க்கரைக்கு 5 விழுக்காடு விதிக்கப்பட்டது. சொன்ன விலையில் வரி அடங்குமா என்று கேட்பது அவசியம். கடனுக்கு வாங்குகிறவர், ரொக்க விலை என்ன, கடன் விலை என்ன என்று தனித்தனியே கேட்க வேண்டும். கேளாதவருக்கு வட்டி விலைக்குள் மறைந்து நிற்கும்.

அடுத்தது காலம். சர்க்கரைக்குரிய ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி தொடங்கிச் செப்டம்பர் 30-ஆம் தேதி முடிகிறது. மகாராஷ்டிரத்தில் அரைவை பெரும்பாலும் அக்டோபர் இறுதியிலோ நவம்பரிலோ தொடங்கி மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஓயும். உத்தரப் பிரதேசத்தில் அது மே வரை நீள்வதுண்டு. நம் தீபாவளியோ புதுச் சர்க்கரை சந்தைக்கு வருமுன், அல்லது வரத் தொடங்கும் வேளையில் வந்துவிடுகிறது. ஆகவே நமக்கு மிகுதியாகச் சர்க்கரை வேண்டிய காலம், கிடங்குகளில் பழைய சரக்கு நிற்கும் காலம். அதுவும் ஒரு மழைக்காலத்தைக் கடந்து வந்த சரக்கு.

அப்படியானால் மே மாதத்திலேயே வாங்கி வைத்துவிடலாமே என்று தோன்றும். கணக்கிட்டுப் பார்ப்போம். 20 மூட்டைக்கு 40,000 ரூபாய். நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டியில் வாங்கிய பணமானால் மாதம் 800 ரூபாய். அக்டோபர்வரை 5 மாதத்திற்கு 4,000 ரூபாய். 20 மூட்டை என்பது 1,000 கிலோ. எனவே அதற்குள் கிலோவுக்கு 4 ரூபாய் ஏறினால்தான் வட்டியாவது கட்டும். ஏறும் என்பதற்கு உறுதி என்ன? சர்க்கரை விலை விளைச்சலை மட்டும் பொறுத்ததன்று. ஆலைகளிடம் அரசு லெவி கொள்ளும் முறை 2013-இல் நீங்கியது. 2018 ஜூனில், ஒவ்வோர் ஆலையும் மாதந்தோறும் விற்கும் அளவுக்கு வரம்பு மீண்டும் வந்தது. ஆலை வாசலில் கிலோ 29 ரூபாய்க்குக் கீழே விற்கலாகாது என்ற விதியும் அப்போதே வந்தது. 2019 பிப்ரவரியில் அது 31 ரூபாயாயிற்று. இத்தகைய ஆணைகள் ஒரே நாளில் சந்தையை அசைத்துவிடும். பெரிய வியாபாரிக்கே பிடிபடாத இந்த ஆட்டத்தில், அடுப்பை நம்பி வாழ்பவர் இறங்க வேண்டா.

மேலும் மும்பை, கொல்கத்தா போன்ற நகரங்களின் மழைக்காலக் காற்று, வைத்த சர்க்கரையைக் கல்லாக்கிவிடும். ஆகவே மூன்று வாரத் தேவைக்கு மேல் இருப்பு வைப்பது சிறு தொழிலுக்கு ஏற்றதன்று. தீபாவளிக்கு மட்டும் செப்டம்பரிலேயே மாதிரி வாங்கிப் பாகு காய்ச்சிப் பார்த்து, அதே ஆலையின் அதே ஆண்டுச் சரக்கு இத்தனை மூட்டை என்று பேசி வைத்துக்கொள்ளலாம். இருப்பை வெறுந்தரையில் வைக்கலாகாது. மரச்சட்டங்களின்மேல், சுவரினின்று ஒரு முழம் தள்ளி அடுக்க வேண்டும். சோப்பு, மண்ணெண்ணெய், மிளகாய் ஆகியவற்றின் வாடை அண்டலாகாது. பிரித்த மூட்டையை இறுக மூடும் டின்னில் கொட்ட வேண்டும். முதலில் வந்த மூட்டையே முதலில் அடுப்பேற வேண்டும்.

இத்தனை அறிந்தபின்னும் ஒரு தடை எஞ்சுகிறது. ஒன்றிரண்டு மூட்டை வாங்குகிறவருக்கு மாதிரி காட்டவும் எடை போட்டுக் காட்டவும் மொத்த வியாபாரிக்குப் பொழுது இராது. அவர் சில்லறைக் கடையிலேயே வாங்க நேர்கிறது. இதற்கு மருந்து ஒன்றுகூடி வாங்குவதே. பத்துப் பேர், வாரத்திற்கு ஆளுக்கு 2 மூட்டை என்றால், நான்கு வாரத்தில் 80 மூட்டை. அதாவது 4 டன். அந்த அளவோடு செல்பவரைச் சந்தை மதிக்கும், அவர் கேட்கும் மாதிரி வரும், எடையும் நேராகும்.

சர்க்கரையின் வரலாறே இதற்குச் சான்று பகர்கிறது. இன்று அகல்யாநகர் என்று வழங்கும் பழைய அகமதுநகர் மாவட்டத்தில், லோணி என்னும் சிற்றூரை அடுத்த பிரவராநகரில், விட்டல்ராவ் விகே பாட்டீல் முன்னின்று உழைக்க, பொருளாதார அறிஞர் தனஞ்சயராவ் காட்கில் துணை நிற்க, கரும்பு உழவர்கள் தம் பங்குப் பணத்தைத் திரட்டிக் கூட்டுறவு ஆலை கண்டார்கள். அது 1950-இல் அரைக்கத் தொடங்கியது. தனித்தனியே நின்றபோது விலை சொல்ல இயலாத உழவர்கள், கூடி நின்று ஆலைக்கே உடைமையாளர் ஆனார்கள். விளைவிப்போர் கூடி நின்ற அந்த மண்ணில், வாங்குவோராகிய நாம் கூடி நிற்பது அரிதன்று.

கூடுவதற்குச் சில விதிகள் வேண்டும். எல்லாரும் ஒரே தரத்திற்கு இசைய வேண்டும். பணம் முன்னதாகக் கட்டப்பட வேண்டும். மூட்டைகளை அனைவர் முன்னிலையிலும் நிறுத்துப் பிரிக்க வேண்டும். விலை, கூலி, வாடகை யாவும் ஒரு நோட்டில் எழுதப்பட்டு, மாதம் ஒருமுறை உரக்கப் படிக்கப்பட வேண்டும். நட்பு வேறு, கணக்கு வேறு என்பதில் உறுதியாயிருந்தால் நட்பும் நிலைக்கும்.

இறுதியாக, ரசீது இன்றி ஒரு மூட்டையும் உள்ளே வரலாகாது. உணவுப் பொருள் விற்பவர் தம் உரிம எண்ணையோ பதிவு எண்ணையோ ரசீதில் குறிக்க வேண்டும் என்பது 2022 ஜனவரி 1 முதல் கட்டாயமாயிற்று. நாம் விற்ற பண்டத்தின்மேல் என்றேனும் புகார் எழுமாயின், சர்க்கரை எங்கிருந்து வந்தது என்பதற்கு அத்தாள் ஒன்றே சாட்சி.

சொந்த ஊரில் ஒருவருக்கு நிலம் இருக்கும், உறவு இருக்கும், தவறினால் தாங்குவோர் இருப்பார்கள். அயலூரில் தொழில் செய்பவருக்கு வாடிக்கைக்காரரின் நம்பிக்கையே பெரிய முதல். அதைக் காக்கும் வேலை, சர்க்கரை மூட்டையின் தையலைப் பார்க்கும்போதே தொடங்கிவிடுகிறது. அடுத்த மூட்டை வாங்கப் போகுமுன், பக்கத்துத் தெருவில் அதே தொழில் செய்யும் ஒருவரை அழைத்துப் பேசிப் பாருங்கள். இருவர் சேர்ந்தால் பத்துப் பேர் சேர்வது எளிது.