நல்லதம்பிக்கு ஆறுதல் சொன்னவர் யார்?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் மகிழ்ச்சிக்குரிய பொருளையே பேசுதல் மரபு. இன்று நான் எடுத்துக்கொண்ட பொருளோ துயரம் பற்றியது. ஆயினும் அது நம் பிள்ளைகளின் உயிரோடு தொடர்புடையது ஆதலின், சிறிது நேரம் பொறுமையுடன் கேட்டருள வேண்டுகிறேன். உடன்பிறந்தாரைத் தற்கொலையால் இழந்து நிற்கும் ஓர் இளம் உள்ளத்தின் துயரை நம் கதைகள் எவ்வாறு சொல்லி வந்துள்ளன, இனி எவ்வாறு சொல்லுதல் வேண்டும் என்பதே என் பேச்சு.

நல்லதங்காள் கதையை அறியாத தமிழ் வீடு இல்லை. புகழேந்திப் புலவர் பெயரால் பெரிய எழுத்துப் புத்தகமாக அச்சேறிச் சந்தைகளில் விற்ற கதை அது. வில்லுப்பாட்டாகவும் நாடகமாகவும் ஊர்தோறும் பரவியது. நாம் வாழும் கேரள நாட்டிற்கும் அஃது அயற்கதை அன்று. 1950ஆம் ஆண்டில் உதயா படநிலையத்தார் 'நல்ல தங்க' என்னும் பெயரில் அதனை மலையாளப் படமாக எடுத்தனர். பாடகர் யேசுதாசின் தந்தையார் அகஸ்டின் ஜோசப் அதில் நடித்தார்.

பஞ்சத்தால் வாடிய தங்கை, ஏழு குழந்தைகளுடன் அண்ணன் வீடு தேடி வருகிறாள். அண்ணன் நல்லதம்பியோ வேட்டைக்குச் சென்றிருக்கிறான். அண்ணி மூளி அலங்காரி அவளை அவமதித்து விரட்டுகிறாள். மனம் உடைந்த நல்லதங்காள் குழந்தைகளோடு மாய்ந்து போகிறாள். இதுவரை எல்லாரும் அறிவர். தாய்மார்கள் கண்ணீர் வடிப்பதும் இந்த இடத்தில்தான். ஆனால் அதன்பின் வீடு திரும்பிய அண்ணன் என்ன ஆனான் என்பதை நாம் ஆழ்ந்து எண்ணுவதில்லை.

'நான் வீட்டில் இருந்திருந்தால் இது நேர்ந்திருக்குமா?' என்னும் கேள்வி அவன் நெஞ்சை அறுத்திருக்கும் அன்றோ? அக்கேள்வியோடு அவன் எவரிடம் செல்வான்? அருகில் அமர்ந்து அவனைப் பேசவிட்ட ஒருவரையும் அக்கதையில் காணோம். கதை அவனுக்கு இரண்டே வழிகளைக் காட்டுகிறது. ஒன்று பழிவாங்குதல், மற்றொன்று தானும் மாய்தல். சில வடிவங்களில் சிவபெருமான் தோன்றி மாண்டவர்களை எழுப்புகிறார். தெய்வம் வந்தாலன்றி நல்லதம்பிக்கு மீட்சி இல்லை என்பது போல் கதை முடிகிறது.

பெரியோர்களே! நம் வீடுகளிலும் இன்றளவும் நடப்பது இதுவே. இத்தகைய சாவு நேர்ந்த வீட்டில் முதற்கண் எழும் வினா, 'யார் காரணம்?' என்பது. மாமியாரைச் சொல்வர், ஆசிரியரைச் சொல்வர், தேர்வைச் சொல்வர், காதலைச் சொல்வர். ஒருவர் தம்முயிரை மாய்த்துக்கொள்வதற்கு ஒரே காரணம் இருப்பது அரிது என்று மருத்துவர்கள் கூறுகின்றனர். மனநோய், கடன், குடி, தனிமை, வீட்டுப் பூசல் எனப் பல ஒன்றுகூடி நிற்கும். நாமோ ஒருவரைப் பிடித்துக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினால்தான் அமைதி அடைகிறோம். அந்த வீட்டிலுள்ள பதினைந்து வயதுத் தம்பியோ, 'கடைசியாக அவனோடு சண்டையிட்டவன் நான்தானே' என்று தன்னையே அக்கூண்டில் நிறுத்திக்கொள்கிறான். அதனை எவரிடமும் சொல்வதும் இல்லை.

இவ்வம்பூரியில் ஒரு பெருந்துயர் நிகழ்ந்ததை இங்குள்ள மூத்தோர் மறந்திரார். 2001ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் இரவு மலைச்சரிவு இடிந்து வீழ்ந்து, முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களை மண் மூடியது. அத்துயரை எவரும் மறைக்கவில்லை. மாண்டவர்களின் பெயரைச் சொல்லி வெளிப்படையாக அழ முடிந்தது. தற்கொலை நேர்ந்த வீட்டிலோ கதவு சாத்தப்படுகிறது. 'வயிற்று வலி' என்றும் 'தவறி விழுந்தான்' என்றும் ஊருக்குச் சொல்லப்படுகிறது. படம் சுவரிலிருந்து இறங்குகிறது. பிள்ளையின் பெயரே வீட்டில் ஒலிப்பதில்லை. இரண்டும் சாவுதான், ஆனால் ஒன்றில் எஞ்சியோர்க்கு ஊர் துணை நின்றது, மற்றொன்றில் எஞ்சியோர் தனித்து விடப்படுகின்றனர்.

இந்த மறைப்புக்குச் சட்டமும் ஒரு காரணமாய் இருந்தது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, தற்கொலை முயற்சியைக் குற்றம் என்றது. காவல் நிலையத்துக்கு அஞ்சி உண்மையை ஒளித்த குடும்பங்கள் பல. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், அவ்வாறு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ளவேண்டும் என்றும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் கூறுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சங்கிதையில் பழைய 309ஆம் பிரிவு இடம்பெறவில்லை. சட்டம் மாறிவிட்டது; நம் வழக்கமும் மாறவேண்டாமா?

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021ஆம் ஆண்டில் ஏழு இலட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் உலகெங்கும் இவ்வாறு மாண்டனர். 15 முதல் 29 வயதுவரை உள்ளோரின் சாவுக்கு இது மூன்றாவது பெருங்காரணம். அவர்களுள் உடன்பிறந்தாரை விட்டுச் சென்றவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். இம்மன்றத்திலேயே அத்துயரை நெஞ்சில் சுமந்து அமர்ந்திருப்போர் இருக்கக்கூடும்.

இனி, மேனாட்டில் இளையோர்க்கென எழுதப்பட்ட ஒரு நாவலைப் பற்றிச் சொல்கிறேன். 'தி லாஸ்ட் டைம் வீ சே குட்பை' என்பது அதன் பெயர். 2015ஆம் ஆண்டில் வெளிவந்தது. எழுதியவர் சிந்தியா ஹேண்ட் என்னும் அமெரிக்கப் பெண்மணி. தம் சொந்தத் தம்பியையே இவ்வாறு இழந்தவர். கதைத்தலைவி லெக்ஸ் என்பவள் கணக்கில் வல்ல பள்ளி மாணவி. தம்பி இறந்த இரவு அவன் அனுப்பிய ஒரு குறுஞ்செய்திக்கு அவள் மறுமொழி தரவில்லை. அந்தக் குற்ற உணர்வை எவரிடமும் சொல்லாமல் சுமக்கிறாள். மனநல ஆலோசகர் அவளிடம் ஒரு குறிப்பேட்டைத் தந்து, தம்பியைப் பற்றி எழுதச் சொல்கிறார். முதலில் வெறுக்கிறாள், பிறகு எழுதுகிறாள், மெல்ல மெல்லப் பேசவும் தொடங்குகிறாள். இங்கே வானத்திலிருந்து தெய்வம் இறங்கவில்லை. பழிவாங்கலும் இல்லை. துயரம் முழுவதும் தீர்ந்தது என்று ஆசிரியர் பொய் சொல்லவும் இல்லை. துயரத்தோடு வாழ முடியும் என்று மட்டும் காட்டுகிறார். நல்லதம்பிக்குக் கிடைக்காத அந்தக் குறிப்பேடு லெக்ஸுக்குக் கிடைத்தது.

பிள்ளைகள் இத்தகைய கதைகளைப் படித்தால் கெட்ட எண்ணம் வருமே என்று தாய்மார் அஞ்சலாம். அவ்வச்சத்தில் ஓரளவு நியாயம் உண்டு. சாவைப் பெருமைப்படுத்தியும், அதன் வழியை விரித்தும் எழுதுவது தீங்கு பயக்கும். ஆனால் எஞ்சி நின்றவரின் வாழ்வைச் சொல்லும் கதை அத்தகையது அன்று. 'சாகவேண்டும் என்ற எண்ணம் வருகிறதா?' என்று அன்போடு நேரே கேட்பதால் அவ்வெண்ணம் தோன்றிவிடாது என்றும், மாறாக, அடைபட்ட மனம் திறக்கும் என்றும் வல்லுநர் கூறுவர். உடன்பிறந்தாரை இழந்த பிள்ளையிடம் இக்கேள்வியைக் கேட்பது மிகவும் தேவை. ஏனெனில் அப்பிள்ளைக்கும் அபாயம் மிகுதி.

ஆகவே காலனி மக்களுக்குச் சில வேண்டுகோள்கள். அத்தகைய வீட்டுக்குத் தவறாமல் செல்லுங்கள். பதினாறாம் நாளோடு நிறுத்திவிடாதீர்கள். 'ஏன் செய்தான்?' என்று துருவாதீர்கள். இறந்த பிள்ளையின் பெயரைச் சொல்லி, அவனுடைய நல்ல குணங்களைப் பேசுங்கள். 'நீதான் இனி அம்மாவுக்கு எல்லாம்' என்று எஞ்சிய பிள்ளையின் தலையில் பாரம் ஏற்றாதீர்கள், அவனையும் அழவிடுங்கள். துயரம் தாங்க முடியாத வேளையில் 14416 என்னும் டெலி மானஸ் எண்ணில் பேசலாம். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். கேரள அரசின் திசா உதவி எண் 1056. இவ்விரண்டையும் ஒவ்வொரு வீட்டு நாட்காட்டியிலும் எழுதி வையுங்கள்.

நிறைவாக, இளைஞர்களே! உங்களிடம் ஒரு விண்ணப்பம். நல்லதங்காள் கதையைப் புதிதாக எழுதுங்கள். வில்லுப்பாட்டாயினும் சிறுகதையாயினும் சரி. தங்கையை இழந்து திரும்பும் நல்லதம்பியின் வாசலில் அயலார் வந்து அமரட்டும், அவன் அழட்டும், பேசட்டும், மறுநாளும் அவர்கள் வரட்டும், அவன் வாழட்டும். அக்கதையை அடுத்த ஆண்டு விழாவில் நீங்கள் பாட, நாங்கள் கேட்க வேண்டும் என்பது என் அவா.