உயிரணு ஏற்பிகளும் தடைமருந்துகளும்



அட்ரினலின் தன் செய்தியைத் தெரிவிக்க உயிரணுவினுள் நுழைய வேண்டியதில்லை. மேற்பரப்பிலுள்ள ஏற்பி என்னும் புரதத்தில் அது பொருந்தினாலே போதும். இதயத் துடிப்பு விரைவுபடும்.

இவ்வேற்பிகள் ஆல்ஃபா, பீட்டா என இருவகைப்படும் என்று அமெரிக்க அறிஞர் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் 1948-இல் எழுதினார். முதலில் அதனை ஓர் ஆய்விதழ் ஏற்க மறுத்தது. வெளிவந்த பின்னரும் பல ஆண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்தது.

அதனைப் பற்றிக்கொண்டவர் பிரிட்டனின் ஜேம்ஸ் பிளாக். மார்புவலியால் வருந்துவோரின் இதயத்திற்குக் கூடுதல் இரத்தம் செலுத்தவே பிறர் முயன்றனர். அவரோ இதயத்தின் பிராணவாயுத் தேவையையே குறைக்க விழைந்தார். பீட்டா ஏற்பியில் அமர்ந்து, எச்செய்தியும் அனுப்பாமல், இடத்தை மட்டும் அடைத்துக்கொள்ளும் பொருளொன்றைத் தேடினார். முதலில் கிடைத்த புரோனெத்தலால் சுண்டெலிகளில் புற்றுக்கட்டிகளைத் தோற்றுவித்ததால் கைவிடப்பட்டது. 1964-இல் புரோப்பிரனலால் அறிவிக்கப்பட்டது.

இதுவும் குறையற்றதன்று. மூச்சுக்குழாய்களின் பீட்டா ஏற்பிகளையும் அடைப்பதால் ஆஸ்துமா நோயாளிகளுக்கு இது ஆபத்தானது. அவை இதயத்திலுள்ளவற்றினின்று வேறான உட்பிரிவு என்பது 1967-இல் தெளிவாயிற்று.

ஆராய்ச்சி மானியம் வழங்கும் அலுவலர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். “இதனால் என்ன மருந்து கிடைக்கும்?” என்று 1948-இல் கேட்டிருந்தால், ஆல்குவிஸ்டிடம் விடை இருந்திராது. இன்றோ புரோப்பிரனலால் நம் நாட்டின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இடம்பெற்றுள்ளது.