மீண்டும் துடித்த விண்மீன்



தாளம் அறிந்தவர்கள் கூடியுள்ள அவை இது. திரைக்குப் பின்னிருந்து எழும் சலங்கை ஒலியைக் கேட்டே ஆட்டத்தின் நடையைச் சொல்லிவிடக் கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள். வானியலிலும் அத்தகைய கலை ஒன்று உண்டு. உருவம் காண முடியாத விண்மீனை, அது உமிழும் எக்ஸ் கதிர்களின் துடிப்பைக் கொண்டே அறியும் கலை அது. அக்கலையால் 16 ஆண்டுக் கால ஐயம் ஒன்று தீர்ந்த வரலாறே இன்றைய பேச்சின் பொருள்.

சூரியனைவிடப் பன்மடங்கு பெரிய விண்மீன் ஒன்று எரிபொருள் தீர்ந்து வெடிக்கும்போது, அதன் உட்கரு தன் எடையைத் தானே தாங்க மாட்டாமல் நொறுங்கிச் சுருங்குகிறது. எஞ்சுவது நியூட்ரான் விண்மீன். அதன் பொருண்மை சூரியனை விஞ்சும். குறுக்களவோ ஏறத்தாழ 20 கிலோமீட்டர்தான். சுருங்கச் சுருங்கச் சுழற்சி விரைவு பெறுகிறது. அதிலிருந்து புறப்படும் வானொலி அலைக்கற்றை, கலங்கரை விளக்கின் ஒளி போலச் சுழன்று பூமியைத் தொட்டுத் தொட்டுச் செல்கிறது. அதனால் அதற்குத் துடிவிண்மீன் என்று பெயர். 1054ஆம் ஆண்டு வானில் காணப்பட்ட வெடிப்பின் எச்சமான நண்டு நெபுலாவின் நடுவே இருப்பது விநாடிக்கு 30 முறை சுழல்கிறது. இத்தகைய விண்மீன்கள் காலம் செல்லச் செல்லத் தளர்கின்றன. இறுதியில் வானொலித் துடிப்பும் அடங்கிவிடுகிறது. இளமையில் வேகம், முதுமையில் மௌனம். இதுவே முறை என்று எண்ணியிருந்தார்கள்.

அந்த முறையை மீறிய ஒன்று 1982ஆம் ஆண்டு அகப்பட்டது. போர்ட்டோ ரிக்கோவில் இருந்த அரெசிபோ தொலைநோக்கியில் பதிவான அந்தத் துடிவிண்மீன் விநாடிக்கு 642 முறை சுழன்றது. வேகம் இளமையைச் சொல்லிற்று. ஆனால் இளம் விண்மீனைச் சூழ்ந்திருக்க வேண்டிய வெடிப்பின் சிதறல் அங்கே காணப்படவில்லை. சுழற்சி தளரும் வீதமும் மிகக் குறைவு. எனவே அதன் காந்தப்புலம் மிக நலிந்தது என்றாயிற்று. அது முதுமையின் அடையாளம். முதிய விண்மீனுக்கு இவ்வேகம் எங்கிருந்து வந்தது?

அதே ஆண்டில் இரு திசைகளிலிருந்து ஒரே விடை எழுந்தது. அல்பார், செங், ரூடர்மன், ஷாஹம் ஆகிய நால்வர் ஒருபுறம். பெங்களூர் இராமன் ஆய்வு நிறுவனத்தின் இராதாகிருஷ்ணனும் சீனிவாசனும் மறுபுறம். சர் சி. வி. இராமனின் மைந்தரான இராதாகிருஷ்ணன் 1929இல் சென்னைத் தண்டையார்பேட்டையில் பிறந்தவர். அவர்கள் கூறியது இதுதான்: அடங்கிப்போன நியூட்ரான் விண்மீனுக்கு ஒரு துணை விண்மீன் இருந்திருக்கும். துணையின் வாயு இதன் ஈர்ப்பில் வழிந்து, சுற்றிலும் வட்டாகச் சுழன்று, மேற்பரப்பில் விழுந்திருக்கும். விழும் பொருள் தன் சுழல்விசையையும் உடன் கொண்டுவரும். குயவன் சக்கரத்தைக் கோலால் மேலும் மேலும் உந்துவது போல, பல கோடி ஆண்டுகள் நிகழ்ந்த அந்த உந்தலே முதிய விண்மீனுக்குப் புதிய வேகத்தை அளித்தது.

அழகான விளக்கம். ஆனால் அழகு ஒன்றே உண்மைக்குச் சான்றாகிவிடாது. உந்தப்பெறும் நிலையிலேயே ஒரு விண்மீனை, அதே அதிவேகச் சுழற்சியோடு காண வேண்டும். அதற்கு எக்ஸ் கதிரே துணை. நியூட்ரான் விண்மீன் மீது விழும் ஒரு கிராம் பொருள், ஹைட்ரஜன் அணுக்கள் இணைந்து வெளிவிடும் ஆற்றலைப் போல் 20 மடங்குக்கும் மேல் வெளியிடும். காந்தப்புலம் அப்பொருளைத் துருவங்களுக்குத் திருப்பும்போது அங்கே வெப்பப் பொட்டுகள் உண்டாகி எக்ஸ் கதிர்களை உமிழ்கின்றன. விண்மீன் சுழலச் சுழல அந்தப் பொட்டுகள் தோன்றியும் மறைந்தும் வர, கதிரின் ஒளி ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை மில்லி விநாடிக்குள் பிரித்தறியும் கருவி வேண்டியிருந்தது. பூமியின் காற்று மண்டலம் எக்ஸ் கதிர்களைத் தடுத்துவிடுவதால், அக்கருவி விண்ணிலேயே இருக்க வேண்டியிருந்தது.

1995 டிசம்பரில் ஏவப்பட்ட ரோஸி எக்ஸ் கதிர் விண்கலம் அத்தகையது. 1998 ஏப்ரலில் தனுசு ராசியின் திசையில், சாக்ஸ் ஜே1808.4-3658 என்னும் பொருள் கிளர்ந்தெழுந்தபோது, விஜ்நாந்ட்ஸும் வான் டெர் கிளிஸும் அதன் கதிர்களில் விநாடிக்கு 401 துடிப்புகளைக் கண்டனர். அதன் நடுக்கோட்டு வேகம் ஒளியின் வேகத்தில் ஏறத்தாழப் பன்னிரண்டில் ஒரு பங்கு. துடிப்புகள் சற்றே நெருங்கியும் விலகியும் வந்ததை ஆராய்ந்த சக்கரவர்த்தியும் மார்கனும், அது ஒரு துணையோடு இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை சுற்றிவருவதைக் கணித்தனர். அந்தத் துணையின் பொருண்மை சூரியனில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கே. கொடுத்துக் கொடுத்துக் கரைந்த துணை அது.

சங்கிலியின் கடைசிக் கண்ணி 2013இல் கிடைத்தது. எம் 28 என்னும் விண்மீன் கொத்தில் வானொலித் துடிவிண்மீனாக முன்பே அறியப்பட்டிருந்த ஒன்று, அவ்வாண்டு பொருளை விழுங்கி எக்ஸ் கதிரில் துடித்தது. சில வாரங்களுக்குள் மீண்டும் வானொலியில் துடித்தது. இரு நிலைகளும் ஒரே விண்மீனின் இரு பருவங்கள் என்பது கண்முன்னே மெய்யாயிற்று. 2011இல் மறைந்த இராதாகிருஷ்ணன் 1998இன் சான்றைக் கண்டார். இதைக் காண அவர் இல்லை.

சொல்லப்பட்ட சொல் தனக்குரிய சான்றுக்காகக் காத்திருக்கிறது. சொன்னவர் போன பின்னும் அது காத்திருக்கும். பத்தாண்டுகளாகச் சொல்லைப் பேணிவரும் இவ்வட்டத்திற்கு இது புதிய செய்தியன்று. எனினும், அழகிய கூற்றை மெய்ப்பிக்க மில்லி விநாடிகளை எண்ணிக்கொண்டிருந்த அந்தப் பொறுமையையும் கவிஞர்கள் தங்கள் உறவாகக் கொள்ளத் தகும்.