குழம்பில் குறைந்த பருப்பு
(பிரிக்பீல்ட்ஸில் நடந்த குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ரிங்கிட் விழுந்தது என்று செய்தியில் சொல்லும்போது, "நாம் எங்கே டாலரைப் பார்த்தோம்?" என்று கேட்கிறீர்கள். நியாயம்தான். ஆனால் அந்த டாலர் தினமும் உங்கள் அடுப்பில் வேகிறது.

இந்த நாட்டில் கோதுமை விளைவதில்லை. ரொட்டி சானாய் மாவு கப்பலில் வருகிறது. பருப்பும் பெரிய வெங்காயமும் அப்படித்தான். கோழி இங்கே வளர்கிறது, ஆனால் அது தின்னும் சோளமும் சோயாவும் வெளிநாட்டுச் சரக்கு. செம்பனை எண்ணெயோ நம் பெற்றோர் தோட்டத்தில் தோள் வலிக்கச் சுமந்த குலையிலிருந்து வந்தது. அதற்கும் உலகச் சந்தைதான் விலை வைக்கிறது. ரிங்கிட் இறங்கினால் அந்த எண்ணெயும் இங்கே ஏறும்.

1997-ஆம் ஆண்டின் நடுவில் ஒரு டாலருக்கு ஏறக்குறைய இரண்டரை வெள்ளி. 1998 ஜனவரியில் 4 வெள்ளி 80 காசையும் தாண்டியது. அதே ஆண்டு செப்டம்பரில் அரசாங்கம் 3 வெள்ளி 80 காசில் நிறுத்தியது. அதாவது, இரண்டரை வெள்ளிக்கு இறக்குமதியான சரக்குக்கு 52 விழுக்காடு கூடுதலாகக் கொடுக்க வேண்டியதாயிற்று.

அப்போது நான் படிவம் ஆறு முடித்த பையன். அப்பாவுக்கு ஓவர்டைம் நின்றுபோனது. மளிகைக் கடையில் அம்மாவுக்கு ஒரு 555 புத்தகம் இருந்தது. அந்தக் கடன் கணக்கைப் பின்னாளில் புரட்டிப் பார்த்தேன். அரிசி, சீனி அளவு மாறவில்லை. முதலில் பால் மாவு காணாமல் போனது. பிறகு மீன் வாரம் ஒருமுறையானது. பருப்பு ஒரு கிலோவிலிருந்து அரைக்கிலோ ஆனது. நாங்கள் யாரும் பட்டினி கிடக்கவில்லை. வயிறு நிறைந்தது, சத்துதான் குறைந்தது. அம்மாவின் தட்டில் இன்னும் கொஞ்சம் அதிகமாகக் குறைந்தது. அது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

பழைய கதை என்று நினைக்காதீர்கள். 2023 செப்டம்பரில் இறக்குமதி வெள்ளை அரிசி டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளி ஆனது. பத்துக் கிலோ மூட்டைக்கு எட்டரை வெள்ளி கூடுதல். இந்தியா அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது ஒரு காரணம், பலவீனமான ரிங்கிட் இன்னொன்று. 2024 பிப்ரவரியில் டாலர் மீண்டும் 4 வெள்ளி 80 காசை நெருங்கியது. பிறகு ரிங்கிட் மீண்டது. சாப்பாட்டுக் கடையில் விலைப் பலகை மீண்டதா? நீங்களே சொல்லுங்கள்.

எல்லாத் துறைக்கும் பொதுவான குறைந்தபட்ச சம்பளம் 2013-இல்தான் வந்தது. அன்று 900 வெள்ளி, 2025-இல் 1,700 வெள்ளி. விலை ஒரே இரவில் ஏறுகிறது, சம்பளமோ ஆண்டுக்கணக்கில் காத்திருந்து ஏறுகிறது. அந்த இடைவெளியை நம் பெண்கள் தங்கள் தட்டிலிருந்து நிரப்புகிறார்கள்.

உதவி இல்லையா என்றால், இருக்கிறது. 2025-இல் 18 வயதைத் தாண்டிய ஒவ்வொரு குடிமகனுக்கும் மைகாட் வழியாக 100 வெள்ளி சாரா உதவி கிடைத்தது. குடிமகன் என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். இங்கேயே பிறந்து, இங்கேயே உழைத்து, இன்னும் சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் நம் பாட்டிகளுக்கு அது கிடையாது. பிறப்புப் பத்திரம் இல்லாமல் வளர்ந்த பிள்ளைகளுக்கும் கிடையாது. கடையில் அவர்களுக்குத் தனி விலையா போடுகிறார்கள்?

ஆகவே இரண்டு வேலை சொல்கிறேன். ஒன்று, ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். கொள்ளை லாபம் அடிப்பது 2011-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். புகாருக்கு ரசீதுதான் பலம். இரண்டு, உங்கள் வீட்டில், பக்கத்து வீட்டில் யாருக்கு நீல அட்டை இல்லை என்று பாருங்கள். அவர்களை இருக்கும் பத்திரங்களோடு எங்களிடம் அழைத்து வாருங்கள். விண்ணப்பம் எழுத நாங்கள் இருக்கிறோம்.

ரிங்கிட்டை உங்களாலும் என்னாலும் தூக்கி நிறுத்த முடியாது. ஒரு பாட்டியின் விண்ணப்பத்தை நம்மால் தூக்கிக்கொண்டு போக முடியும்.